அரசுக்குத் துண்டு விழுந்தால் முரசுமோட்டையில் யாருக்கு என்ன?

கேள்வி

ஐயா, நான் முரசுமோட்டைப் பக்கம். வீட்டோடு ஒரு சின்னக் கடை இருக்கு. இரண்டு ஏக்கர் வயலும் செய்யிறம். ரேடியோவில் நெடுகவும் "துண்டுவிழும் தொகை" எண்டு சொல்லுறாங்கள். அரசாங்கத்துக்குத் துண்டு விழுந்தால் எங்களுக்கென்ன? நான் வருமான வரி கட்டுற ஆளில்லை. எனக்கும்தான் ஒவ்வொரு ஐப்பசியும் துண்டு விழுது. நகையைக் கொண்டுபோய் வங்கியில் வைப்பன், மாசியில் வெட்டி வித்துப்போட்டு மீட்பன். ஒரு அரசாங்கத்தால் அது ஏலாதா? அதுவும் காசடிக்கிற மெசினைக் கையில் வைச்சுக்கொண்டு? இந்தத் துண்டைக் குறைச்சால் எங்களுக்கு நல்லமா, கூடாதா? எனக்கு விளங்கிற மாதிரி எழுதுங்கோ.

ஒரு வாசகி, கிளிநொச்சி மாவட்டம்

பதில்

நகை என்ற சொல்லைக் கண்டதும் எனக்கு அடகுக் கவுண்டர் ஞாபகம் வந்துவிட்டது, தங்கச்சி. வன்னியில் ஒரு வங்கிக் கிளையில் பல வருடம் அந்தக் கதிரையில் இருந்தவன் நான். ஐப்பசி பிறந்தால் முன்னால் வரிசை நிற்கும். உழவுக் கூலி, விதைநெல், பசளை என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு. மாசி, பங்குனியில் அதே முகங்கள் சிரித்துக்கொண்டு வரும். ஒரு சோடி காப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. உட்பக்கத்தில் சின்ன நெளிவு. சீட்டைப் பார்க்காமலே யாருடையது என்று சொல்லிவிடுவேன். ஏழு வருடம் அது உள்ளே வந்து வெளியே போனது. எட்டாவது வருடம் வந்தது, போகவில்லை. அந்த முறை அதை வைத்தது விதைப்புக்காக அல்ல. லீசிங்கில் எடுத்த லான்ட்மாஸ்ரரின் தவணையைக் கட்டுவதற்காக.

வயலுக்கு வைத்த நகையை வயல் மீட்டுத் தரும். கடனைக் கட்ட வைத்த நகையை எது மீட்கும்? இலங்கை அரசு அந்த எட்டாவது வருடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது.

முதலில் ஒரு குழப்பத்தை எடுத்துவிடுவோம். பற்றாக்குறை வேறு, கடன் வேறு. உங்கள் கடையில் கடன் கொப்பி இருக்குமே. இந்த மாதம் ஒரு வீட்டார் 12,000 ரூபாவுக்குச் சாமான் எடுத்து 9,000 ரூபா கட்டினார்கள் என்றால் 3,000 ரூபா இந்த மாதத் துண்டு. கொப்பியின் அடியில் முந்தின மாதங்களும் சேர்ந்து 40,000 என்று நிற்கிறதே, அது கடன். துண்டு மாதாமாதம் விழுவது. கடன் அது போய்ச் சேரும் இடம். அரசு "துண்டைக் குறைத்துவிட்டோம்" என்று சொன்னால் கடன் குறைந்துவிட்டது என்று பொருளில்லை. இந்த மாதம் 3,000 ரூபாவுக்குப் பதில் 1,500 ரூபாதான் கூடியது, அவ்வளவுதான்.

இப்போது 2021 ஆம் ஆண்டுக் கொப்பியைத் திறப்போம். அந்த வருடம் அரசின் வருமானம் ஏறக்குறைய 1,457 பில்லியன் ரூபா. சம்பளம், வட்டி, ஓய்வூதியம், மானியம் என்று அன்றாடச் செலவு மட்டும் 2,700 பில்லியனைத் தாண்டியது. 100 ரூபா வரும் வீட்டில் அரிசி, மாவு, மின்சாரம், பழைய வட்டி இவற்றுக்கே 188 ரூபா போனது மாதிரி. இதில் ஒரு மதகு கட்டிய செலவோ, குளத்து அணைக்கட்டு உயர்த்திய செலவோ இன்னும் சேரவில்லை. அரச ஊழியர் சம்பளத்தையும் கடன் வட்டியையும் கூட்டினாலே வருமானம் தீர்ந்து மேலேயும் போனது. மொத்தத் துண்டு நாட்டின் வருட உற்பத்தியில் நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல்.

இதை ஊதாரித்தனம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். ஊதாரித்தனமும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குழி அத்தனை ஆழமானதற்குக் காரணம் வரவுப் பக்கத்தில் இருக்கிறது. 2019 நவம்பரில் ஆட்சி மாறியது. டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து பெறுமதி சேர் வரி, நாங்கள் வற் என்று சொல்வது, நூற்றுக்குப் பதினைந்திலிருந்து எட்டாக இறங்கியது. வருடம் 1.2 கோடி ரூபாவுக்கு மேல் வியாபாரம் செய்தால் வற்றுக்குப் பதிய வேண்டும் என்றிருந்த எல்லை ஒரே அடியில் 30 கோடியானது. சம்பளத்தில் மாதாமாதம் கழித்த வரி நின்றது. தேச நிர்மாண வரி இல்லாமல் போனது. மூன்று மாதம் கழித்துக் கொரோனா வந்து கடையைப் பூட்டியது. 2019 இல் நாட்டின் உற்பத்தியில் 100 ரூபாவுக்கு 12 ரூபா அளவில் அரசுக்கு வந்த வருமானம் 2021 இல் எட்டு ரூபாச் சொச்சத்துக்கு இறங்கியது.

உங்களுக்கு அந்த வரிக் குறைப்பு ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. முரசுமோட்டையில் சவர்க்காரத்தின் விலை அப்போது குறைந்ததாக நான் அறியேன். குறைத்த வரி வழியில் எங்கேயோ தங்கிவிட்டது.

சரி, துண்டு விழுந்துவிட்டது. எதையாவது போட்டு நிரப்பத்தானே வேண்டும். எதைப் போட்டு நிரப்புகிறார்கள் என்பதில்தான் உங்கள் "எங்களுக்கென்ன" என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது.

உள்நாட்டில் கடன் வாங்குவது ஒரு வழி. திறைசேரி உண்டியல் என்று செய்தியில் சொல்வார்களே, அது கோயில் உண்டியலுமில்லை, கனடாவிலிருந்து காசு வரும் உண்டியலுமில்லை. மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடத்தில் இவ்வளவு தருகிறேன் என்று அரசு எழுதிக் கொடுக்கும் சீட்டு. வங்கிகளும் ஊழியர் சேமலாப நிதியமும் அதை வாங்கும். அரசு அளவாகக் கேட்டால் பிரச்சினை இல்லை. அடங்காத பசியோடு வந்து நின்றால் வட்டி ஏறும். 2022 இன் பிற்பாதியில் மூன்று மாத உண்டியலுக்கே நூற்றுக்கு முப்பதுக்கு மேல் வட்டி கொடுத்தார்கள். வங்கி மனேஜராக உங்களை வைத்துப் பாருங்கள். அரசு முப்பது தருகிறேன் என்கிறது. மழையையும் காட்டு யானையையும் நம்பி இருக்கிற ஒரு கமக்காரனுக்குப் பன்னிரண்டுக்குக் கடன் கொடுப்பீர்களா? அடகு வட்டி இருபதைத் தாண்டியதும் லீசிங் தவணைகள் கழுத்தை நெரித்ததும் அப்போதுதான். கடன் தர ஆளில்லாத வீடுகளைத் தேடி நுண்கடன்காரர் வருவார்கள். அதன் கதையை வன்னிப் பெண்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய ஓர் இலட்சம் வரையான நுண்கடன்களை அரசே பொறுப்பேற்க வேண்டிய அளவுக்கு அது போயிருந்தது.

வெளியே கடன் வாங்குவது இன்னொரு வழி. இதில் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுத் திட்டக்கூடாது. போருக்குப் பிறகு ஏ9 வீதியைத் திருத்தச் சீனக் கடன் வந்தது. ஓமந்தையிலிருந்து பளை வரையான தண்டவாளத்தை இந்தியக் கடன் போட்டது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் வந்த அன்று நிலையத்தில் கூடிய சனத்தை மறப்பேனா? சங்குப்பிட்டிப் பாலமும் 2011 இல் வெளிக்கடனில்தான் எழுந்தது. இந்திய வீட்டுத்திட்டம் வேறு சாதி, அது நன்கொடை, திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. வீதியும் பாலமும் இருபது முப்பது வருடம் நிற்கும். அதற்கு இருபது வருடக் கடன் எடுப்பதில் பிழை காண மாட்டேன். வயலுக்கு வைத்த நகை அது.

ஆனால் 2007 இலிருந்து அரசு இன்னொரு கடையிலும் கடன் வாங்கத் தொடங்கியது. சர்வதேசச் சந்தையில் டொலர் முறிகள், அதாவது நீண்ட காலக் கடன் சீட்டுகள். சலுகை வட்டி இல்லை, ஐந்து பத்து வருடத்தில் மொத்தமாகத் திருப்ப வேண்டும். வாங்கிய டொலரில் பெரும்பங்கு டொலர் உழைக்கும் எதற்கும் போகவில்லை. பழைய கடனை அடைக்கவும் துண்டை மூடவும் போனது. இரணைமடுத் தண்ணீரில் விளையும் நெல் ரூபாதான் தரும். டொலர் உழைப்பது தேயிலை, ஆடை, சுற்றுலா, வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகள். 2021 இல் அரசு டொலரை 203 ரூபாவில் பிடித்து வைத்திருந்தது. வெளியே உண்டியல்காரர் அதைவிடக் கூடக் கொடுத்தார்கள். லண்டனில் இருக்கும் மகன் எதில் அனுப்புவான்? 2020 இல் 7 பில்லியன் டொலருக்கு மேல் வங்கி வழியாக வந்த காசு 2022 இல் 3.8 பில்லியனுக்கு வந்து நின்றது. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி, சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முன்னால், வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அதுவே முதல் தடவை.

இனி உங்கள் மெசினுக்கு வருகிறேன். காசடிக்கலாம். அடித்தும் பார்த்தார்கள். 2019 இறுதியில் மத்திய வங்கியின் கையில் இருந்த அரச உண்டியல்கள் 100 பில்லியன் ரூபாவுக்கும் குறைவு. 2022 இறுதியில் 2,500 பில்லியனுக்கு மேல். யாரும் வாங்காத சீட்டை மத்திய வங்கியே வாங்கிப் புதுக் காசைக் கொடுத்தது என்பதே இதன் பொருள். காசடிப்பது என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். தாள் அச்சாகிறதோ இல்லையோ, கணக்கில் எழுதினாலே காசு.

உங்கள் கடையில் 50 கிலோ சீனி இருக்கிறது. ஊரில் எல்லார் கையிலும் ஒரே இரவில் காசு இரட்டித்தால் சீனி 100 கிலோவாகாது. விலைதான் ஏறும். முதலில் தட்டுப்பாடு, பிறகு வரிசை, பிறகு விலை. எங்கள் மெசின் ரூபாவை மட்டும் அடிக்கும் என்பது இன்னொரு தொல்லை. புதிதாக அடித்த ரூபாவைக் கொண்டு ஆட்கள் வாங்கப் போவது பெற்றோலும் பருப்பும் பால்மாவும். அவை டொலர் கேட்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் 203 ஆக இருந்த டொலர் மே மாதம் 360 ஐத் தொட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். 2020 டிசம்பரில் 1,000 ரூபாவுக்கு வாங்கிய சாமான் 2022 டிசம்பரில் 1,700 ரூபாவையும் தாண்டியது.

வருமான வரி கட்டுகிற ஆளில்லை என்றீர்களே? இது நீங்கள் கட்டிய வரி. பிள்ளையின் படிப்புக்கென்று 2020 இல் ஓர் இலட்சம் போட்டு வைத்திருந்தீர்களானால் இரண்டு வருடத்தில் அதன் வாங்கும் பலத்தில் நாற்பதாயிரத்துக்கு மேல் கரைந்துவிட்டது. வட்டி கொஞ்சத்தை ஈடு செய்திருக்கும், அவ்வளவுதான். எந்தப் பாராளுமன்றமும் வாக்கெடுத்து உங்களிடமிருந்து அதை அறவிடவில்லை. எந்த உத்தியோகத்தரும் படலையைத் தட்டவில்லை. காணியும் டொலரும் வைத்திருந்தவருக்கு அது சுடவில்லை. அன்றாடக் கூலிக்கும் வங்கிப் புத்தகத்துக்கும்தான் சுட்டது.

துண்டின் சூடு வயல்வரைக்கும் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. நஞ்சற்ற உணவு என்பதே அரசு சொன்ன காரணம். பசளைக்குப் போகும் டொலர் மிஞ்சும், மானியச் செலவும் குறையும் என்ற கணக்கும் அதற்குப் பின்னால் இருந்தது என்று பலரும் அப்போதே எழுதினார்கள். நானும் அதைத்தான் நம்புகிறேன். கையில் காசுள்ள அரசு இவ்வளவு அவசரப்படாது. நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் காலபோகம் விதைத்தாயிற்று. குடலைப் பருவத்தில் யூரியா இல்லாமல் மஞ்சளாக நின்ற பயிரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாடு முழுதும் அந்தப் போக விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. பிறகு அரிசி இறக்குமதி செய்ய டொலர் தேடினார்கள். அடுத்த சிறுபோகத்துக்கு இந்தியக் கடனில் வந்த யூரியா மூடை 10,000 ரூபா. கறுப்புச் சந்தையில் அதன் நாலு மடங்கு வரை சொன்னார்கள்.

வரவுசெலவுத் திட்டத்தில் தெரியாத துண்டும் உண்டு. மண்ணெண்ணெயை நட்டத்துக்கு விற்றால் அந்த நட்டம் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் கொப்பியில் ஏறும், அரசின் கொப்பி சுத்தமாகத் தெரியும். கூட்டுத்தாபனம் அரச வங்கிகளிடம் கடன் வாங்கும். கடைசியில் எல்லாம் திறைசேரியின் தலையிலேயே வந்து விழும். 2022 ஓகஸ்டில் அந்த மறைப்பை ஒரே நாளில் எடுத்தார்கள். லீற்றர் 87 ரூபா மண்ணெண்ணெய் 340 ரூபா. முல்லைத்தீவுக் கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் படகுகளுக்கும் வயல்கரைத் தண்ணீர் மெசினுக்கும் அது என்ன செய்தது என்று எழுத ஒரு தனிக் கட்டுரை வேண்டும். பல வருடம் தள்ளிப்போட்ட துண்டு இப்படித்தான் ஒரு நாள் காலையில் மொத்தமாக வந்து நிற்கும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுத் துண்டே விழக்கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டுக் கணக்கும் அரசுக் கணக்கும் இங்கேதான் வழி பிரிகின்றன. நீங்கள் செலவைக் குறைத்தால் உங்கள் வீட்டில் மிஞ்சும். அரசு செலவைக் குறைத்தால் இன்னொருவரின் வருமானம் குறையும். உங்கள் கடையில் எந்த நாட்களில் பாக்கி தீர்கிறது என்று பாருங்கள். ஆசிரியர், தாதி, பிரதேச சபை ஊழியர், சிவில் பாதுகாப்புத் திணைக்களப் பண்ணையில் வேலை செய்யும் பெண்கள் இவர்களுக்குச் சம்பளம் விழும் நாட்களில். அஸ்வெசும நலன்புரிக் காசு வரும் நாளில். வீதி வேலை நடந்தால் ரிப்பர்காரரும் மேசனும் வந்து பீடியும் பிஸ்கற்றும் வாங்குவார்கள். பெரிய தொழிற்சாலைகள் அதிகமில்லாத வன்னியில் அரசின் செலவு என்பது ஊர்ச் சந்தையின் பாதி உயிர். வெள்ளம் வந்த வருடத்திலும் கொரோனா வந்த வருடத்திலும் துண்டு விழாமல் பார்த்துக்கொண்ட அரசு என்றால் அது கல்நெஞ்சுக்கார அரசு.

ஜப்பான் அரசின் கடன் அதன் வருட உற்பத்தியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். ஒருவரும் அதன் கதவைத் தட்டவில்லை. பெரும்பகுதியை யென்னில், தன் சனத்திடமே வாங்கியிருக்கிறது, குறைந்த வட்டி. வரியும் ஒழுங்காக வருகிறது. எங்களுக்கு அந்த மூன்றுமே இருக்கவில்லை. பிறரின் நாணயத்தில் கடன், உயர்ந்த வட்டி, எட்டு வீத வருமானம். 2022 இலும் 2023 இலும் அரசுக்கு வந்த ஒவ்வொரு 100 ரூபாவிலும் 70 ரூபாவுக்கு மேல் வட்டிக்கே போனது. கடனின் அளவைவிட இந்தக் கணக்குத்தான் என்னைப் பயப்படுத்தியது.

இனி, குறைத்தால் நல்லதா என்று கேட்டீர்கள். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 3 பில்லியன் டொலர் உதவிக்கு ஒப்புதல் கொடுத்தது. துண்டைக் குறைக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அதே வருடம் புதிய மத்திய வங்கிச் சட்டம் வந்து, அரசின் சீட்டை மத்திய வங்கி நேரடியாக வாங்குவதைத் தடுத்தது. உங்கள் மெசினுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. 2023 இலேயே வட்டியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் வரவு செலவைவிடச் சற்றுக் கூட நின்றது. வருமானம் 2024 இல் உற்பத்தியின் 13 வீதத்துக்கு மேல் ஏறியது. பணவீக்கம் அந்த வருடம் செப்டெம்பரில் பூச்சியத்துக்குக் கீழே போனது. விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பாது, அதை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். ஏறிய மாட்டு வண்டில் நின்றிருக்கிறது, பின்னால் உருளவில்லை.

இந்தப் பலனில் உங்களுக்கும் பங்கு உண்டு. வட்டி இறங்கியது. பசளை கிடைத்தது. டொலர் துள்ளவில்லை. ஆனால் குழியை நிரப்பிய மண் எங்கே வெட்டப்பட்டது? 2024 ஜனவரியிலிருந்து வற் 18 வீதம். டீசலும் சமையல் எரிவாயுவும் அதற்குள் வந்தன. உங்கள் கடை வற்றுக்குப் பதியப்பட்டதில்லை, ஆனாலும் நீங்கள் மொத்தக் கடையில் வாங்கும் சவர்க்காரத்துக்குள் அந்த வரி கரைந்து வருகிறது. கொழும்பு 7 இல் குளிப்பவருக்கும் முரசுமோட்டையில் குளிப்பவருக்கும் ஒரே வரி. அவருடைய மாதச் செலவில் சவர்க்காரம் எத்தனையில் ஒன்று, உங்களுடையதில் எத்தனையில் ஒன்று?

2023 ஜூலையில் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது சேமலாப நிதியத்தின் முறிகளை மாற்றினார்கள். 2025 வரை வட்டி 12 வீதம், அதன்பின் 9 வீதம். கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் ஆடைத் தொழிற்சாலையில் நின்று கொண்டே வேலை செய்யும் பிள்ளைகளின் காசு அது. வங்கிகள் வைத்திருந்த ரூபா முறிகளைத் தொடவில்லை. வங்கி ஆட்டம் கண்டால் எல்லாருக்கும் ஆபத்து என்ற வாதத்தில் நியாயம் உண்டு, நானும் வங்கிக்காரன்தான். ஆனாலும் சத்தம் போடத் தெரியாத இடத்தில் கை வைத்தார்கள் என்ற எண்ணம் எனக்கு மாறவில்லை.

வெட்ட லேசான இன்னொன்று அபிவிருத்திச் செலவு. சம்பளத்தை வெட்டினால் தெருவுக்கு வருவார்கள். வட்டியை லேசில் வெட்ட முடியாது. கட்டாத பாலம் கத்தாது. வட்டுவாகல் பாலத்தை எடுங்கள். பரந்தன் முல்லைத்தீவு வீதியில், ஒரு வாகனம் வந்தால் மற்றது ஒதுங்கி நிற்க வேண்டிய அந்தப் பாலத்துக்குப் போர் முடிந்து பதினாறு வருடம் காத்திருந்தோம். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 1,000 மில்லியன் ரூபா ஒதுக்கினார்கள். செப்டெம்பரில் வேலை தொடங்கியது. அதே திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சுக்கு 400 பில்லியனுக்கு மேல். அதாவது அந்த ஒதுக்கீட்டைப் போல நானூறு மடங்கு, போர் முடிந்த நாட்டில். துண்டைக் குறைக்க இடமில்லை என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

ஆக என் பதில்: குறைப்பது நல்லது, எங்கே வெட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து. நவம்பரில் வரவுசெலவுத் திட்டம் வாசிக்கும்போது மொத்தத் துண்டு எவ்வளவு என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வற்றா, வருமான வரியா, கடனா, எதில் நிரப்பப் போகிறார்கள் என்று கேளுங்கள். வடக்குக்கு ஒதுக்கியதைக் கேட்டுச் சந்தோசப்படுவதற்கு முன்னால் போன வருடம் ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது, எவ்வளவு திறைசேரிக்குத் திரும்பிப் போனது என்று உங்கள் பிரதேச செயலகக் கூட்டத்தில் கேட்கலாம். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்தக் காசில் உங்கள் சவர்க்காரமும் இருக்கிறது.

அதே வாசகியின் அடுத்த கடிதம்

ஐயா, பதில் வாசிச்சன். கன விசயம் இப்பதான் விளங்கினது. ஒரு சின்னக் கேள்வி. சிறுபோக நெல் வித்த காசில் ஓர் இலட்சம் மிஞ்சிக் கிடக்கு. நீங்கள் சொன்ன அந்தத் திறைசேரி உண்டியலை நானும் வாங்கலாமா? இல்லாட்டி வங்கியில் போடவா? போன வருசம் வைச்ச நகை ஒண்டு இன்னும் மீட்காமல் கிடக்கு.

பதில்

வாங்கலாம். வங்கியூடாகச் சாதாரண ஆட்களும் திறைசேரி உண்டியல் வாங்க முடியும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2025 இல் அதன் வட்டி நூற்றுக்கு எட்டு அளவில் இருந்தது. அந்தக் கணக்கில் ஓர் இலட்சத்துக்கு ஒரு வருடத்தில் 8,000 ரூபா. வைப்பு வட்டியில் 2025 ஏப்ரலிலிருந்து பத்து வீதம் வரி கழிக்கிறார்கள், முன்பு ஐந்து. துண்டை நிரப்பும் வழிகளில் இதுவும் ஒன்று. வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைந்தவர்கள் வங்கியில் ஒரு பிரகடனம் எழுதிக் கொடுத்தால் கழிக்க மாட்டார்கள். இதைப் பலருக்கு யாரும் சொல்வதில்லை.

உங்கள் அடகுச் சீட்டில் வட்டி எத்தனை என்று எழுதியிருக்கும். எடுத்துப் பாருங்கள். அது 14 என்றால் ஓர் இலட்சத்துக்கு வருடம் 14,000 ரூபா. எட்டாயிரம் வாங்கப் பதினாலாயிரம் கொடுப்பதை எந்தத் திறைசேரியும் செய்யக்கூடாது, செய்திருக்கிறது என்றாலும். முதலில் நகையை மீளுங்கள்.

பவுண் விலை ஏறியிருப்பதால் அதே நகைக்குக் கூடக் காசு தருகிறோம், சீட்டைப் புதுப்பியுங்கள் என்று கவுண்டரில் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் சொன்னவன். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முழுக் காசும் சேரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை, பகுதியாகக் கட்டினாலும் அன்றிலிருந்து வட்டி குறையும். போகும்போது அடையாள அட்டையையும் பழைய சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். காலைநேரம் நல்லது. விதைப்பு தொடங்குகிற நேரம், மத்தியானத்தில் வரிசை நீளம்.